சின்னத் தொட்டியில் செடி: மெதுவாக வளர்ப்பதா, மண் போடுவதா, வாயு கொடுப்பதா?

நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டர் உள்ள ஒரு மீன்தொட்டியின் கொள்ளளவு 27 லிட்டர். அடியில் மணலைப் பரப்பி, கல்லும் கட்டையும் வைத்து, மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் 20 லிட்டர் சொச்சம்தான். ஒரு பெரிய வாளித் தண்ணீர். இந்த ஒரு வாளிக்குள் மீனும் வாழ வேண்டும், செடியும் செழிக்க வேண்டும். பெரிய தொட்டியில் ஒரு தப்பு நடந்தால் அது தெரியவே ஒரு வாரம் ஆகும். இங்கே மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் "எந்தச் செடி வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. எவ்வளவு வெளிச்சம் கொடுக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. செடியின் பசியைத் தீர்மானிப்பது வெளிச்சம். அது கூடினால் செடி வேகமாக வளரப் பார்க்கும். வளர்வதற்குக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், இரும்பு எல்லாம் வேண்டும். இவற்றில் எது குறைகிறதோ, அதன் அளவுக்குத்தான் வளர்ச்சி இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் ஜஸ்டஸ் ஃபான் லீபிக் பயிர்களைப் பற்றிப் பரப்பிய விதி இது. கண்ணாடித் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும். செடியின் வளர்ச்சி தடைப்பட்ட பிறகும் வெளிச்சம் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தால், அதைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

நல்ல வெளிச்சத்தில் முதலில் பற்றாமல் போவது பெரும்பாலும் கார்பன். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். மீன்களின் மூச்சாலும், அடியில் கழிவு மக்குவதாலும் அது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். போதாததற்கு, இந்த வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டிய தண்ணீரில் இருப்பதை இலை இழுத்துக்கொண்டால், அடுத்தது வந்து சேர நேரமாகும்.

இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. வெளிச்சத்தைக் குறைத்து, குறைவாகக் கேட்கும் செடிகளை வைப்பது ஒன்று. அடியில் மண் போட்டு, அது மக்கும்போது வரும் வாயுவையும் சத்தையும் செடிக்குக் கொடுப்பது இன்னொன்று. சிலிண்டர் வைத்து வாயுவை நாமே தண்ணீரில் கரைப்பது மூன்றாவது. மூன்றையும் சின்னத் தொட்டியில் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றிலும் செடி வளர்ந்தது. ஆனால் தொட்டிக்கு முன்னால் நான் செலவழித்த நேரமும் பட்ட கவலையும் மூன்றிலும் ஒரே மாதிரி இல்லை.

மெதுவான தொட்டி

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகரைன். இந்த வழிக்கு இந்த நான்கு பெயர்கள் போதும். சாதாரண மணல் அல்லது பொடிக்கல், மிதமான ஒரு எல்இடி விளக்கு, ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர். வேறெதுவும் தேவையில்லை.

அனுபியாஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். இஞ்சிக்கிழங்கு மாதிரி தடித்த ஒரு தண்டு கிடைமட்டமாக ஓடும். அதிலிருந்து மேலே இலைகளும் கீழே வேர்களும் கிளம்பும். அந்தத் தண்டை மட்டும் புதைக்கக் கூடாது. என் முதல் தொட்டியில் எல்லாச் செடியையும் போல அதையும் மணலுக்குள் அழுத்தி நட்டேன். மூன்று வாரம் கழித்து இலைகள் ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று மிதந்தன. தோண்டி எடுத்தால் தண்டு கொழகொழவென்று கையில் நசுங்கியது, நாற்றமும் அடித்தது. மிச்சமிருந்த பச்சைத் துண்டை வெட்டி, ஒரு கல்லின் மேல் வைத்துப் பருத்தி நூலால் நாலு சுற்றுச் சுற்றினேன். அந்தத் துண்டிலிருந்து வளர்ந்த செடி இன்றும் இருக்கிறது. நூல் கட்டப் பொறுமை இல்லாதவர்கள் ஜெல் வகை சூப்பர் குளூவால் ஒட்டலாம். தண்ணீர் பட்டதும் இறுகிவிடும், மீனுக்கும் ஒன்றும் ஆகாது. ஜாவா ஃபெர்னுக்கும் இதே முறைதான். அதன் இலைக்கு அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நோய் என்று பயந்து வெட்டிவிடாதீர்கள். அவை வித்துப்பைகள். சில சமயம் பழைய இலையின் ஓரத்திலேயே குட்டிச்செடி முளைத்து, வேர் விட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். தானாகக் கழன்று வந்ததும் இன்னொரு கல்லில் கட்டிவிடலாம்.

கிரிப்டோகரைன் வேர் வழியாக நன்றாகச் சாப்பிடும் செடி. பரவலாகக் கிடைக்கும் கிரிப்டோகரைன் வென்டியின் சொந்த இடம் இலங்கை. இதை மணலில் நட்டு, வேருக்குப் பக்கத்தில் ஒரு உர மாத்திரையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்தி வைத்தால் போதும். ஆனால் நட்ட முதல் இரண்டு வாரத்தில் மனதை உடைத்துவிடும். இலைகள் கண்ணாடி மாதிரி வெளிறி, ஓட்டை விழுந்து, கூழாகக் கரையும். தண்ணீரின் தன்மை மாறியதற்கு அது காட்டும் எதிர்வினை இது. செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவர்கள்தான் அதிகம். கரைந்த இலைகளை எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள். சில வாரங்களில் நடுவிலிருந்து சுருட்டிய ஒரு புது இலை ஈட்டி மாதிரி எட்டிப் பார்க்கும். வேர் உறுதியாக இருக்கும் வரை அந்தச் செடி உயிரோடுதான் இருக்கிறது.

இலைகள் இப்படிக் கரைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பண்ணைகளில் பெரும்பாலான நீர்ச்செடிகளை இலைகள் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி, ஈரப்பதமான காற்றில்தான் வளர்க்கிறார்கள். காற்றுக்கென்று உருவான இலை தண்ணீருக்குள் ரொம்ப நாள் தாங்காது. செடி அதைக் கைவிட்டுவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய இலைகளைப் புதிதாக விடும். ஆகவே முதல் மாதத்தில் பழைய இலை எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கவலைப்பட வேண்டாம். புதிய இலை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். வளர்ச்சி மெதுவாக இருப்பதால், செடிகள் தண்ணீரிலிருந்து எடுக்கும் கழிவும் குறைவு. இலைகளுக்கும் ஆயுள் அதிகம். அதனால் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் அனுபியாஸ் இலையில் பச்சைப் புள்ளிப் பாசி படிந்துவிடும். தேய்த்தாலும் எளிதில் போகாது. மருந்து இதுதான்: வெளிச்சம் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், டைமர் வைத்து. அப்புறம் கொஞ்சம் மிதக்கும் செடி. சால்வினியா, பிஸ்டியா போன்றவற்றின் இலைகள் காற்றில் இருப்பதால் அவற்றுக்குக் கார்பன் பஞ்சமே இல்லை. அவை மளமளவென்று வளர்ந்து, தண்ணீரில் உள்ள அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். அடியில் இருக்கும் அனுபியாஸுக்கு நிழலும் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு கை அள்ளி எடுத்துவிட வேண்டும். அப்படி எடுக்கும் ஒவ்வொரு கைப்பிடியும் தொட்டியை விட்டு வெளியேறும் கழிவு.

மண் தொட்டி

இந்த எண்ணம் புதிதல்ல. 1849இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒரு கண்ணாடிக் கலத்தின் அடியில் மணலும் சேறும் போட்டு, வாலிஸ்னேரியா செடியை நட்டு, இரண்டு சின்னத் தங்கமீன்களை விட்டார். கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. பிறகு அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது, பாசியும் படர்ந்தது. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்க்க, தண்ணீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால்தான் சமநிலை என்று 1850இல் அவர் எழுதி வெளியிட்டார். இன்று டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கரின் பெயரால் வால்ஸ்டாட் முறை என்று சொல்லப்படுவதும் இதே தடத்தில் வருவதுதான்: அடியில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் மண், அதன் மேல் அதே அளவு மணல் அல்லது பொடிக்கல், முதல் நாளே நெருக்கமாக நிறையச் செடிகள்.

மண்ணில் இருக்கும் இயற்கைப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. கூடவே சத்துகளும் வேருக்குக் கிடைக்கின்றன. வாங்கி ஊற்ற உரமும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். நடுவில் சில மணி நேரம் விளக்கை அணைத்து, பிறகு மறுபடி போட்டால், அந்த இடைவெளியில் தண்ணீரில் வாயு மீண்டும் சேர்ந்துகொள்ளும். காலையில் 4 மணி நேரம், மாலையில் 4 மணி நேரம் என்று வைப்பவர்கள் இதற்காகத்தான் அப்படி வைக்கிறார்கள்.

நன்றாக அமைந்த ஒரு மண் தொட்டியைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. என்னுடையதில் நான்காவது மாதம் வாலிஸ்னேரியா கொடி விட்டு, மணலுக்கு அடியில் ஓடி, தொட்டியின் மறுமூலையில் குட்டி போட்டது. வெயில் ஏறிய மதியத்தில் இலை நுனிகளிலிருந்து ஆக்ஸிஜன் குமிழிகள் கோத்த மணி மாதிரி மேலே போய்க்கொண்டிருக்கும். வாயுவைத் தனியாகக் கொடுக்காத தொட்டியில் அதைப் பார்த்த சந்தோஷம் தனி.

ஆனால் இதில் தொடக்கம்தான் கடினம். முதல் சில வாரங்கள் மண்ணிலிருந்து அம்மோனியா கசியும். அந்த நேரத்தில் மீன் விட்டால் மீன் செத்துப்போகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று சோதனைத் திரவம் காட்டும் வரை, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்தே ஆக வேண்டும். அதற்குள் இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்ற வேண்டி வரலாம். மண்ணில் ரசாயன உர மணிகளோ புதுச் சாணமோ கலந்திருக்கக் கூடாது. சல்லடையில் சலித்து, குச்சிகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொரு கட்டாயமும் உண்டு: நட்ட செடியை நட்ட இடத்தில் விட வேண்டும். ஆறு மாதம் கழித்து "இந்தச் செடியை அந்தப் பக்கம் வைத்தால் அழகாக இருக்குமே" என்று இழுத்தால், வேரோடு மண்ணும் எழும்பி 20 லிட்டரும் ஒரு நொடியில் காவி நிறமாகும். மண் தடிமனாகப் போட்டுவிட்டால் அடியில் காற்றில்லாமல் அழுகிய முட்டை நாற்றத்தோடு வாயுவும் உண்டாகும். அடிக்கடி மாற்றி அடுக்கிப் பார்க்கும் கை உள்ளவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

மண்ணுக்கும் மணலுக்கும் நடுவே அக்வா சாயில் என்ற சுட்ட மண் உருண்டைகளும் இருக்கின்றன. சத்து உள்ளேயே இருக்கும், பிடுங்கினாலும் அவ்வளவாகக் கலங்காது, தண்ணீரின் காரத்தன்மையைக் கொஞ்சம் குறைக்கும். முதல் வாரங்களில் பெரும்பாலானவை அம்மோனியாவையும் வெளியிடும். ஓரிரு ஆண்டில் சத்துத் தீர்ந்து, உருண்டைகளும் பொடியத் தொடங்கும்.

வாயு கொடுக்கும் தொட்டி

படங்களில் பார்த்து மயங்குகிறோமே, தரையெல்லாம் பச்சைக் கம்பளம், பின்னால் சிவப்புச் செடிகள், அவை பெரும்பாலும் இந்த வகை. ஜப்பானைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ இயற்கைக் காட்சி போலத் தொட்டி அமைக்கும் பாணியை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அந்தப் பாணியில் பலமான வெளிச்சம், சத்துள்ள அடிமண், திரவ உரம், கரைத்த வாயு நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை தொட்டிக்கே எதிராகத் திரும்பும்.

வாயுவின் அளவை லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துவார்கள். சாதாரணத் தண்ணீரில் இருப்பதுபோல் பல பத்து மடங்கு. வெட்டி நட்ட தண்டுச்செடி ஒரு வாரத்தில் தண்ணீர் மட்டத்தைத் தொடும். அந்த வேகம் உண்மையிலேயே அழகு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் தயக்கமெல்லாம் தொட்டியின் அளவைப் பற்றித்தான். 20 லிட்டரில் வால்வை ஒரு மயிரிழை அதிகம் திருகினாலும் மீனுக்கு ஆபத்து. ஒரு இரவு டைமர் சரியாக அணையாமல் வாயு விடிய விடிய ஓடியது. இருட்டில் செடிகளும் வாயுவை எடுப்பதில்லை, அவையும் மூச்சு விடுகின்றன. காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டபோது எட்டு மீன்களில் ஏழு தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. ஒன்று அடியில் கிடந்தது. உடனே பாதித் தண்ணீரை மாற்றி, ஏர் பம்பை ஓடவிட்டேன். எழுவர் பிழைத்தார்கள். அந்த ஒரு மீன் இன்னும் என் மனதில் இருக்கிறது. இதை எழுதுவதற்கே அதுவும் ஒரு காரணம்.

இந்த வழியில் போவதென்றால், கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் என்ற சின்னக் கருவி இல்லாமல் போகாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். ஆனால் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அது காட்டுவது கொஞ்சம் முந்தைய நிலவரம். ஆகவே நிறத்தைப் பார்க்கும் முன் மீனைப் பாருங்கள். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயு தொடங்கி, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்து பாட்டிலில் உண்டாக்கும் வாயுவை இரவில் நிறுத்தவும் முடியாது, ஒரே சீராக வைக்கவும் முடியாது. ஏறி இறங்கும் வாயு கறுப்புத் தாடிப் பாசிக்கு நல்ல வாய்ப்பு. சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலக்கும் கருவியில் வால்வு இருப்பதால் அது பரவாயில்லை.

இந்த வகைத் தொட்டியை விட்டு பத்து நாள் வெளியூர் போக முடியாது. வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும், பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், உரம் அளந்து ஊற்ற வேண்டும்.

எதை எடுப்பது?

உங்கள் குழாய்த் தண்ணீரில் இருந்து தொடங்குங்கள். கடினத் தண்ணீராக, காரத்தன்மை கூடுதலாக இருந்தால் வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் ஹார்ன்வொர்ட்டும் கைகொடுக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுக்க அவற்றுக்குத் தெரியும். மாஸ்களுக்கு அது முடியாது. இந்த ஒரு விஷயத்தாலேயே, ஒருவர் தொட்டியில் காடாக வளரும் செடி இன்னொருவர் தொட்டியில் நூலாக இளைத்துப் போகிறது. திரவக் கார்பன் என்று விற்கும் குளுட்டரால்டிஹைடு மருந்தை வாலிஸ்னேரியா உள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள், இலைகள் கரைந்துவிடும்.

அடுத்து உங்கள் வாரத்தைப் பாருங்கள். வாரத்தில் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் மெதுவான தொட்டிதான். முதல் மாதம் தினமும் தண்ணீர் சோதித்து, மாற்றி, பொறுத்திருக்க முடியும், அதற்குப் பிறகு அதிகம் தொட மாட்டேன் என்றால் மண் தொட்டி. தினமும் காலையும் மாலையும் தொட்டிக்கு முன் நிற்க நேரமும் ஆசையும் உண்டு, செடி வெட்டுவதே பிடித்த வேலை என்றால்தான் வாயு. அதுவும் முதலில் 60 லிட்டருக்கு மேல் உள்ள தொட்டியில் பழகிவிட்டு இங்கே வருவது நல்லது.

முதல் சின்னத் தொட்டிக்கு என் தேர்வு மெதுவான தொட்டி, அதில் மண் தொட்டியிலிருந்து ஒரு துளி கடன் வாங்கி. கட்டையில் அனுபியாஸும் ஃபெர்னும். மணலில் கிரிப்டோகரைன், வேருக்கடியில் மாத்திரை. மேலே மூன்றில் ஒரு பங்கு மிதக்கும் செடி. வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றம். திரவ உரம் முதல் மாதம் வேண்டாம். அப்புறம் பழைய இலைகளில் ஊசி குத்தின மாதிரி துளைகள் வந்தால் பொட்டாசியம் போதவில்லை என்று அர்த்தம். பழைய இலை முழுக்க மஞ்சளானால் நைட்ரஜன். புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. அப்போதும் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள்.

செடி வாங்கி வந்ததும் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு மாதிரிப் பொருளை முழுசாக எடுத்துவிடுங்கள். இறால் வளர்ப்பதாக இருந்தால் திசு வளர்ப்புக் கோப்பையில் வரும் செடியையே வாங்குங்கள். மற்றவற்றில் பூச்சிமருந்து ஒட்டியிருந்தால் இறால் ஒரே நாளில் செத்துவிடும். தண்ணீரை நிரப்பி, டைமரை 6 மணி நேரத்துக்கு வைத்து, மீன் இல்லாமல் விட்டுவிடுங்கள். இரண்டாவது மூன்றாவது வாரம் கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்புப் பொடி படியும். அது டயட்டம், புதுத் தொட்டியில் வழக்கமாக வருவது. விரலால் துடைத்தாலே போய்விடும். அதைப் பார்த்து மருந்து வாங்க ஓடாமல், கிரிப்டோகரைனின் நடுவில் அந்தச் சுருட்டிய இலை கிளம்பிவிட்டதா என்று குனிந்து பாருங்கள்.